பூட்டு உடைந்ததா?

கடைகளில் நடக்கும் இழப்பைக் காப்பீட்டுக்காக மதிப்பிடும் சர்வேயர் நான். இரவோடு இரவாகச் சரக்கு போய்விட்டது என்று அழைப்பு வந்தால், நான் முதலில் பார்ப்பது ஷட்டரைத்தான். காலி அலமாரியெல்லாம் பிறகு. கடப்பாரையால் நெம்பியிருந்தால் அடிப்பட்டை வளைந்து, பெயிண்ட் உதிர்ந்து, இரும்பு பளிச்சென்று தெரியும். பூட்டை அறுத்திருந்தால் கீழே இரும்புத்தூள் சிந்தியிருக்கும். இவற்றைக் கண்டால் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். அந்த வியாபாரிக்குப் பணம் கிடைக்க வழி உண்டு.

காரணம், பெரும்பாலான கடைப் பாலிசிகளில் இருக்கும் சொல் ‘பர்க்லரி’. ‘தெஃப்ட்’ அல்ல. பேச்சில் இரண்டுமே நமக்குத் திருட்டுதான். ஆனால் ஒருவருடைய பொருளை அவர் சம்மதமின்றிக் கெட்ட எண்ணத்தோடு எடுத்தாலே தெஃப்ட். பட்டப்பகலில், வாடிக்கையாளர் போல வந்து, மேசை மேலிருந்த செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு போனாலும் அதுதான். பர்க்லரிக்கு அது போதாது. திருடன் பலவந்தமாக உடைத்து உள்ளே வந்திருக்க வேண்டும். கடை சாத்தும்போது ஒளிந்திருந்தவன் என்றால், உடைத்து வெளியேறியிருக்க வேண்டும்.

இணையத்தில் படித்துவிட்டு வாதாட வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து விளக்கத்தோடு வருகிறார்கள். அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருடும் நோக்கத்துடன் திறந்த கதவு வழியே அத்துமீறி நுழைந்தாலே பர்க்லரி. ஒன்றும் எடுக்காமல் திரும்பினாலும் குற்றம் குற்றம்தான். நம் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமோ ‘ஹவுஸ் பிரேக்கிங்’ என்றுதான் பேசியது. அதன் 445ஆம் பிரிவில் ஓர் உதாரணம்: வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதனாலேயே கதவைத் திறந்து அத்துமீறி நுழைந்தாலும் ஹவுஸ் பிரேக்கிங். பூட்டில் கீறல்கூட விழாது.

அப்படியானால் போலீஸ் வழக்கில் நிற்பது பாலிசியிலும் நிற்குமா? நிற்காது. 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. பாலிசியில் எழுதியிருக்கும் வரையறையே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்; திருட்டுக்கு முன் பலப்பிரயோகம் நடந்திருக்க வேண்டும் என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. இவ்வளவு இறுக்கமான வரையறையைச் சாமானியரால் புரிந்துகொள்ள முடியாது, நிறுவனங்கள் அதைத் திருத்த வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பத்தியைத்தான் நான் பலருக்கும் படித்துக் காட்டுகிறேன். கள்ளச்சாவி போட்டுத் திறந்த கடையில், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் மனிதரிடம் “உடைத்த அடையாளம் இல்லையே” என்று சொல்வது கொடுமை. பிரீமியம் வாங்கும் நாளிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

கூடுதல் பிரீமியம் கட்டினால் தெஃப்ட்டையும் சேர்த்துத் தரும் பாலிசிகள் இருக்கின்றன. கடை ஊழியர் கையாடலுக்குத் தனிப் பாலிசியே உண்டு. புதுப்பிக்கும்போது முகவரிடம் இரண்டையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.