தர்மர் குகையில தீர்ந்த என் வேண்டுதல்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கால் விழுந்தப்போ, இவர் எழுந்து நடந்துட்டா சீனாவுல இருக்கிற உன் ஷாவோலின் கோயிலுக்கு கூட்டிட்டு வர்றேன் தர்மானு போதிதர்மரை வேண்டிக்கிட்டேன். முப்பது வருஷம் மொட்டை மாடியில பசங்களுக்கு குங்ஃபூ சொல்லிக் கொடுத்தவரு, போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர்னு சொல்லும்போதே அவருக்கு தொண்டை அடைச்சுக்கும். ரெண்டு வருஷத்துல கம்பு ஊனி நடந்துட்டாரு, போன அக்டோபர்ல கிளம்பிட்டோம்.

அக்டோபர் முதல் வாரம் சீனாவுல தேசிய தின லீவுங்கிறது தெரியாம போயிட்டோம், கும்பல்னா அப்படி ஒரு கும்பல். பக்கத்து நகரம் ஜெங்ஜோவ்ல ஏத்தின டாக்ஸிக்காரர் வேற நேரா கோயிலுக்கு விடாம ஒரு கடை வாசல்ல நிறுத்தி தடி தடியா ஊதுவத்தி வாங்கச் சொல்லி ஒரே தொல்லை, அப்பா கால் மரத்துப் போய் வண்டியிலயே உக்காந்திருந்தாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தர்மரோட குகை, ஷாவோலின் கோயிலுக்குப் பின்னாடி மலைமேல இருக்கு. பாதி வழியில இருக்கிற சூஜூ ஆன் கோயில், 1125ல கட்டினது, அதுவரைக்கும் வந்துட்டு அப்பா உக்காந்துட்டாரு. "நீ போயிட்டு வா பாப்பா, நான் இங்கயே கும்பிட்டுக்கிறேன்." செங்குத்தா படி, முட்டி நடுங்குது, மேல போனா ஒரு கல் தோரணம், அதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு குகை. இங்கதான் தர்மர் ஒன்பது வருஷம் சுவத்தைப் பாத்து தியானத்துல உக்காந்திருந்தாருனு ஐதீகம். அவர் நிழலே கல்லுல பதிஞ்சுடுச்சுனு சொல்லி அந்தக் கல்லை கீழ கோயில்ல வச்சிருக்காங்க. நெத்தியை பாறையில வச்சேன், சில்லுனு இருந்துச்சு. என்ன வேண்டணும்னே வரல, அப்பா நடக்குறாரு தர்மா, அப்பா நடக்குறாருனு அதையே சொல்லிட்டு இருந்தேன்.

கோயில் 495லயே பத்ரர்ங்கிற இன்னொரு இந்தியத் துறவிக்காக கட்டினது, தர்மர் அதுக்கப்புறம் வந்தவரு. அவர் கொடுத்ததா சொல்ற யிஜின் ஜிங்ங்கிற உடற்பயிற்சி நூல்கூட 1624க்கு முன்னாடி எங்கயும் இல்லனு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. சொல்லட்டும். குங்ஃபூங்கிற சொல்லுக்கே அடிதடினு அர்த்தம் கிடையாது, நாள்கணக்கா பாடுபட்டு கைக்கு வர்ற தேர்ச்சி, பக்குவமா டீ போடுறதுக்கும் அங்க அதே பேருதான். அப்படிப் பாத்தா ஒன்பது வருஷம் அசையாம உக்காந்ததை விட பெரிய குங்ஃபூ எது?

சாயங்காலம் ஆயிரம் புத்தர் மண்டபம். தரையில 48 குழி, தலைமுறை தலைமுறையா துறவிங்க குங்ஃபூ பழக ஒரே இடத்துல நின்னு காலால மிதிச்சு மிதிச்சு செங்கல்லே உள்ள போயிருக்கு. பின்னாடி கும்பல் நெருக்குது, அப்பா நகரவே இல்ல. குழியையே பாத்துட்டு இருந்தவரு மெல்ல கம்பை என் கையில கொடுத்துட்டு, ரெண்டு காலையும் அகட்டி, முட்டியை கொஞ்சமா மடக்கி, குதிரை நிலையில நின்னாரு. வலது கால் வெடவெடனு நடுங்குது. பக்கத்துல நின்ன ஒரு சீனப் பெரியவர் ஒரு கையை நெஞ்சுக்கு நேரா வச்சு அப்பாவுக்கு வணக்கம் சொன்னாரு, நான் கம்பைப் பிடிச்சுக்கிட்டு தர்மா தர்மானு அழுதுட்டே நின்னேன்.