டேங்க் மாத்தியாச்சு, இனி மேல்தளம்

பழைய டீசல் டேங்க்கை வெளியே எடுக்கணும்னா படகோட மேல்தளத்தை அறுத்தே ஆகணும். அறுத்தோம். உள்ளே பிளைவுட் ஊறிப்போய், விரல் வெச்சு அழுத்தினா பஞ்சு மாதிரி தண்ணி கசியுது. மனசே கேக்கல. மட்கினதை முழுசா செதுக்கிட்டு தண்ணியைத் தாங்குற மரைன் பிளைவுட் வெச்சு, ஓரத்தைச் சரிவா தேய்ச்சு, ஃபைபர் துணியை மூணு அடுக்கா எபாக்சியில (ரெசினும் ஹார்டனரும் கலந்தா இறுகுற பசை) ஒட்டினோம். கால் அங்குல கனத்துக்கு மூணு அங்குலச் சரிவு. அதுல கஞ்சத்தனம் கூடாது.

ஊட்டிக் குளிர்தான் பெரிய சோதனை. 2,240 மீட்டர் உயரம். பொழுது சாஞ்சா ரெசின் இறுகவே மாட்டேங்குது. "அண்ணா, ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊத்தலாமா?"ன்னான் தம்பி. வேண்டாம்டா, எபாக்சியில அளவு மாறினா ஒழுங்கா இறுகாதுன்னு தடுத்துட்டேன். தார்ப்பாய் கட்டி, உள்ளே ரெண்டு குண்டு பல்பு எரியவிட்டு விடிய விடியக் காவல். புது டேங்க்ல டீசல் இன்னும் ஊத்தலை, அதனால பயமில்லை.

காலையில நகத்தால கீறிப் பார்த்தேன். கோடு விழலை.