ஸ்டாக் ஃபீல்டு இருந்த இடத்தில்

1980களில் நான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, ஸ்டாக் ஃபீல்டு எங்கே என்று கேட்டால் காட்டேஜ் குரோவ் சாலையோரம் இருக்கும் சின்ன மைதானத்தைக் காட்டுவார்கள். அது பேர் மட்டும் வாங்கிக்கொண்ட புதுசு. பழைய ஸ்டாக் ஃபீல்டு இருந்த இடத்தில்தான் நாங்களெல்லாம் ராப்பகலாய்க் கிடந்த ரீகன்ஸ்டீன் நூலகம் நிற்கிறது.

கடைக்காரக் கோடீஸ்வரர் மார்ஷல் ஃபீல்டு கொடுத்த நிலத்தில் 1893-ல் தொடங்கிய மைதானம் அது. 1892 முதல் 1932 வரை பயிற்சியாளராக இருந்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் பேர் அப்புறம் வந்தது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் அன்று சிகாகோ பெரிய கை. கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹெய்ஸ்மன் கோப்பை என்று இன்று சொல்கிறார்களே, அதை 1935-ல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கர் நம் ஆள். கோப்பையை அவருடைய அத்தை கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தார் என்பார்கள்.

1939-ல் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றோம். அந்த டிசம்பரிலேயே பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் கால்பந்தையே நிறுத்திவிட்டார். நின்றது ஆட்டம்தான், கேலரி நின்றபடியே நின்றது.

மேற்குக் கேலரிக்கு அடியில் ஒரு ஸ்குவாஷ் கூடம் சும்மா கிடந்தது. அப்போது உலகப் போர். அணுகுண்டுத் திட்டத்துக்காக இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் அணு உலையை, உலகத்தின் முதல் அணு உலையை, ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் திட்டம். அங்கே தொழிலாளர் தகராறில் கட்டட வேலை தாமதமாக, இந்தக் கூடத்திலேயே கட்டிவிடலாம் என்று ஃபெர்மி சொன்னார். லட்சக்கணக்கான பேர் வாழும் ஊரின் நடுவில்! அந்த வேலைக்குப் பொறுப்பில் இருந்த இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் சம்மதித்தார்; ஹட்சின்ஸிடம் மட்டும் மூச்சு விடவில்லை. கேட்டால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்லியாக வேண்டும் என்பது காம்ப்டனின் கணக்கு.

பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான் பெரும்பாலும் சரக்கு, இடையிடையே யுரேனியம். அக்கம்பக்கத்துப் பையன்களைக் கூலிக்கு வைத்து, கட்டி கட்டியாகச் சுமந்து 57 அடுக்கு அடுக்கினார்கள். தூள் பறந்து முகம், கை, தரை எல்லாம் கன்னங்கரேல். 1942 டிசம்பர் 2 அன்று பிற்பகல் 3.25-க்கு, ஓர் அணு பிளந்து அடுத்த அணுவைப் பிளக்கும் தொடர்வினை நிலைத்தது. கிடைத்த சக்தி அரை வாட். ஒரு குண்டு பல்புக்குக்கூடக் காணாது. ஏதாவது ஏடாகூடமானால் உள்ளே விழுந்து வினையை நிறுத்தும் பாதுகாப்புத் தண்டின் கயிற்றை வெட்ட ஒருவர் கோடரியோடு நின்றார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் அந்தக் கோடரிக்காரர்தான். வேலை முடிந்ததும் கூட இருந்த இயற்பியலாளர் விக்னர் கொண்டுவந்த கியான்டி என்ற இத்தாலிய ஒயினைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தார்கள். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அந்தக் கேலரியை 1957-ல் இடித்தார்கள். உலை இருந்த இடத்தில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் 1967-ல் வந்தது. ஒரு பக்கம் பார்த்தால் மண்டையோடு, இன்னொரு பக்கம் பார்த்தால் காளான் மேகம். 1970-ல் நூலகம் திறந்தது.

அதன் ஐந்தாம் தளம் நம்முடையது. கோதுமை விற்ற ரூபாய்ப் பணத்தில் அமெரிக்கா இந்தியப் புத்தகங்களை வாங்கிய பி.எல்.480 திட்டத்தில் வந்த தமிழ்ப் புத்தகங்கள் அங்கே வரிசை வரிசையாக இருந்தன. சாணித்தாளில் அச்சான நூல்களுக்குக் கெட்டி அட்டை கட்டி, முதுகில் எண் ஒட்டியிருப்பார்கள். ஊரில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தும் அகப்படாத ஒரு நாவல் தொகுதி அங்கே தூசு தட்டாமல் கைக்கு வந்தது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே.ராமானுஜன் பாடம் நடத்திய காலம் அது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பழைய தமிழ்ப் புத்தகச் சேகரிப்பை இதே பல்கலைக்கழகம் பின்னால் வாங்கியும், கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அது அவர்கள் செய்த நல்ல காரியம்.

கால்பந்தும் 1969-ல் திரும்பி வந்துவிட்டது, இப்போது கல்லூரி விளையாட்டுகளின் மூன்றாம் பிரிவில். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. சனிக்கிழமை விழுந்து புரண்டவன் திங்கட்கிழமை தேர்வுக்கு வந்தே ஆகவேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஹட்சின்ஸே தலையாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.