பக்கவாத்தியம் என்று யார் சொன்னது?

செல்லோவுக்கு (உட்கார்ந்து வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள்) பியானோ பக்கவாத்தியம் என்று நினைப்பவர்கள், ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் இ மைனர் சொனாட்டாவின், அதாவது பல பகுதிகள் கொண்ட அந்த இசைப்படைப்பின், முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘பியானோவுக்கும் செல்லோவுக்கும்’ என்று பியானோவைத்தான் முன்னால் போட்டிருக்கிறது. இதை எனக்கு உறைக்கும்படி செய்தவர், எங்கள் ஹாம்பர்க் குடியிருப்பில் மேல்மாடியில் இருக்கும் அம்மையார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கூடத்தில் பாதியை ஒரு கிராண்ட் பியானோ அடைத்துக்கொண்டிருக்கும். மீதியில் நானும் என் செல்லோவும்.

முதல் பகுதியில் சிநேகம்தான். செல்லோ அடித்தந்தியில் முனகலாக ஆரம்பிக்கும், பியானோ தாளத்தைத் தள்ளித் தள்ளி மெல்லத் தொட்டுக்கொண்டே வரும். நம்ம கச்சேரி என்று மிதப்பாக இருக்கலாம். மூன்றாம் பகுதி வந்தால் இறங்கிவிடும். அது ஃபியூக், ஒரே வரியைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் துரத்தும் வடிவம். அம்மையாரின் இடது கை ஒரு வரியை ஆரம்பிக்கும். அதை நான் வாங்கி வாசிப்பதற்குள் அவருடைய வலது கை அதே வரியோடு வந்து நிற்கும். இருவர் வாசிப்பதில் மூன்று பேர் சண்டை, அதில் இரண்டு பேர் அவர். போதாக்குறைக்கு ஒரு குரல் மும்மூன்றாக ஓட, இன்னொன்று இரண்டிரண்டாக நடக்கும்.

“சத்தம் குறைய, பியானோ மூடியைக் கொஞ்சம் இறக்கலாமா?” என்று கேட்டேன்.

“பிராம்ஸ் மூடிக்கொண்டா வாசித்தார்?”

அப்புறம் ஒரு கதை சொன்னார். இந்த சொனாட்டாவை பிராம்ஸ் சமர்ப்பித்தது கென்ஸ்பாக்கர் என்பவருக்கு. வியன்னாவில் பாட்டு வாத்தியார், ஆசைக்கு செல்லோ வாசித்தவர். பிராம்ஸ் பியானோவைப் போட்டு இடித்ததில், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை என்று அவர் முறையிட்டாராம். ‘அதிர்ஷ்டக்காரர்’ என்றாராம் பிராம்ஸ். அம்மையார் இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொரு தகராறு தரை. செல்லோவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்கம்பியை மெழுகு போட்ட மரத்தரையில் குத்த அவர் விடமாட்டார். சரி என்று முனையில் ரப்பர் மாட்டினேன். கடைசிப் பக்கத்தில் ‘பியூ பிரெஸ்டோ’, அதாவது இன்னும் வேகம் என்று எழுதியிருக்கும். அந்த இடத்தில் செல்லோ என்னை விட்டுவிட்டுப் பியானோ பக்கம் நகர ஆரம்பித்தது. வில்லை இழுப்பதா, வாத்தியத்தைத் துரத்துவதா? அம்மையார் நிறுத்தவே இல்லை. கடைசி ஸ்வரம் வரை தனியாக வாசித்துவிட்டு எழுந்து போய், காலஞ்சென்ற கணவரின் தோல் பெல்ட்டை எடுத்து வந்தார். ஒரு முனையை நாற்காலிக் காலில் சுற்றி, மறுமுனை ஓட்டையில் கம்பியைச் செருகி, ஒரு இழு இழுத்துப் பார்த்தார்.

“அவர் வயிற்றையே பிடித்து வைத்த பெல்ட். இது எம்மாத்திரம்?”

இப்போது ஓரளவு இருவரும் ஒரே இடத்தில் முடிக்கிறோம். அதைக் கொண்டாட, 1886-இல் எழுதிய எஃப் மேஜர் சொனாட்டாவை எடுத்து வைத்திருக்கிறார். அதில் எடுத்த எடுப்பிலேயே பியானோ கிடுகிடுவென்று அதிரும், செல்லோ அதற்கு மேலே கத்த வேண்டும். மூடியை இதற்கு மேல் உயர்த்த முடியாதே என்றுதான் அவருக்கு வருத்தம்.