பசை போன ஐந்து ஸ்டாம்ப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயன்படுத்தாத ஸ்டாம்பைத் தண்ணீரில் போடாதீர்கள். நான் போட்டேன்.

போன ஆடியில் காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது, ஐயாவின் கைப்பெட்டிக்குள் ஒரு பழுப்பு உறை கிடைத்தது. ஐயா ரங்கூனில் பெட்டியடியில், அதாவது வட்டிக்கடையில், இருந்தவர்கள். ஊருக்குக் கடிதம் போட வாங்கியதில் மிச்சம் போல. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ஸ்டாம்புகள், மேலே பர்மா என்று ஆங்கிலத்தில் கறுப்பாக அடித்திருந்தது. 1937-ல் பர்மா நம்மிடமிருந்து பிரிந்தபோது, சொந்த ஸ்டாம்ப் வரும்வரை இப்படித்தான் ஓட்டினார்கள். மொத்தம் பதினொன்று. எத்தனையோ மழைக்காலம் கண்டு, ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன.

உறையில் ஒட்டிய ஸ்டாம்பை ஊறவைத்து எடுப்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம். அதே புத்தியில் ஐந்தை ஒரு வட்டிலில் மிதக்கவிட்டேன். அழகாகப் பிரிந்தன. காயவைத்துத் திருப்பினால் பின்பக்கம் வெறும் தாள். மதுரையில் ஸ்டாம்ப் விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ட்வீசரால் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "முகத்தை ஊரே பார்க்கும் தம்பி, நாங்க முதுகைத்தான் பார்ப்போம்" என்றார். பசை போனால் பாதி மதிப்பு போயிற்று. இவை சின்னத் தொகை ஸ்டாம்புகள், பெரிய விலை இல்லை என்பது ஒரு ஆறுதல். பழசு என்றாலே லட்சம் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

மீதி ஆறையும் அவர் சொன்னபடி ஜிப் கவரில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தேன். ஆத்தாவுக்கு ஒரே சிரிப்பு: "தபால்காரனுக்கு ஐஸ் வைக்கிறியா?" காலையில் எடுத்து, மெல்ல வளைத்தால் டிக்கென்று விட்டது. நான்கு பசையோடு தப்பின, இரண்டு கிழிந்தன.

புது வெளியீடுகளும் சேர்ப்போம் என்று அப்புறம்தான் தோன்றியது. அதற்குத் தபால் துறையில் ஃபிலாட்டலி, அதாவது ஸ்டாம்ப் சேகரிப்பு, டெபாசிட் கணக்கு உண்டு. 200 ரூபாய் கட்டினால், புது ஸ்டாம்ப் வரும்போதெல்லாம் அச்சிட்ட விலையை அதில் கழித்துக்கொண்டு அனுப்பிவைப்பார்கள். நான் போன தபால் அலுவலகத்தில் 'கணக்கு' என்ற சொல்லைக் கேட்டதுமே சேமிப்புக் கணக்கு வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, "இங்கே அப்படி ஒன்றும் கிடையாது." இரண்டாம் முறை போனால், அதைப் பார்ப்பவர் லீவு, அலமாரிச் சாவி அவரிடம். ஒரு பஸ் சார்ஜ் தண்டம். மூன்றாம் முறை அவரே இருந்தார், பத்தே நிமிடம். ஆகவே போவதற்கு முன் போன் போட்டு, 'ஸ்டாம்ப் சேகரிப்புக் கணக்கு' என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். நினைவு ஸ்டாம்ப் தீர்ந்தால் திரும்ப அச்சிடுவதில்லை, தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டாம்பைச் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கைப் படுக்கப் போடாமல் நிற்க வையுங்கள். மேலே பாரம் ஏறினால் நம் ஊர் ஐப்பசி ஈரத்துக்கே பசை பிடித்துக்கொள்ளும். ஸ்டாம்பை விரலால் தொடவே தொடாதீர்கள்.

இப்போது தேடுவது, காரைக்குடியில் கல்லூரிகள் கட்டிய வள்ளல் அழகப்பருக்கு 2007-ல் வந்த ஸ்டாம்ப். தேவகோட்டைச் சின்னத்தாவிடம் புதுசாகவே ஒன்று இருந்ததாம். ஏதோ கல்யாணப் பத்திரிகைக்கு ஒட்டி அனுப்பிவிட்டார்களாம்.