தோட்சுகா மைதானம் இருந்த இடத்தில்

தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழக மைய நூலகத்தின் வாசலில், மே மாதக் கடைசிச் சனிக்கிழமையன்று காலை எட்டரை மணிக்குச் சென்று நின்றேன். புத்தகப் பைகளோடு மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே சென்றுகொண்டிருந்தார்கள். 1991-இல் இந்த நூலகம் திறக்கப்படுவதற்கு முன்பு, 1902 முதல் 1987 வரை, இவ்விடத்தில் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. தோட்சுகா மைதானம் என்று அழைக்கப்பட்ட அது, பின்னாளில் அபே மைதானம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்த மண்ணை ஒருமுறையாவது மிதித்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணத்தில் தோக்கியோவுக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்கியிருந்தேன்.

மைதானத்துக்குப் பெயர் தந்த அபே இசோ, கிறிஸ்தவ சோஷலிஸ்ட், வசேதாவின் ஆசிரியர். 1901-இல் தொடங்கிய பேஸ்பால் அணியை வளர்த்தெடுத்தவர் அவரே. உள்நாட்டுப் போட்டி அணிகள் அனைத்தையும் வென்றுவிட்டால் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன் என்று மாணவர்களுக்கு வாக்களித்திருந்தார். 1904-இல் அவர்கள் வென்றும் காட்டினார்கள். ரஷ்யாவோடு ஜப்பான் போரிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஆயினும் அபே தம் சொல்லைக் காப்பாற்றினார். 1905 ஏப்ரலில் கப்பலேறிய அணி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் 26 ஆட்டங்கள் ஆடி ஏழில் வென்று 19-இல் தோற்றது. ஆனால் தோற்ற ஆட்டங்களிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டு வந்தது ஏராளம். பந்து வீசுமுன் கையைச் சுழற்றி விசை ஏற்றும் முறை, மட்டையால் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடும் உத்தி, முறையான பயிற்சி ஒழுங்கு ஆகியவை ஜப்பானில் பரவியதற்கு இந்தப் பயணம் பெருங்காரணம். போர்க்காலத்தில் மாணவர்களை விளையாட அனுப்பிய அந்தத் துணிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வசேதாவின் கதையைச் சொல்லப் புகுந்தால் கெய்யோவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. இரு பல்கலைக்கழகங்களும் முதன்முதலில் மோதியது 1903-இல். 'சோகெய்சென்' என்று இந்தப் போட்டிக்கே தனிப்பெயர் ஏற்பட்டுவிட்டது. 1906-இல் முதல் ஆட்டத்தில் கெய்யோவும் இரண்டாவதில் வசேதாவும் வென்றன. வென்ற மாணவர்கள் எதிரணியின் இடத்துக்கே சென்று ஆரவாரம் செய்ததால், மூன்றாவது ஆட்டம் நடந்தால் கைகலப்பாகிவிடும் என்று அஞ்சி அதை நிறுத்திவிட்டார்கள். அந்த நிறுத்தம் 19 ஆண்டுகள் நீடித்தது. தோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்த லீக் உருவான 1925-இல்தான் இரு அணிகளும் மீண்டும் எதிரெதிரே நின்றன.

அதே 1925-இல், வசேதாவின் முதல் பயிற்சியாளரான தோபிதா சுய்ஷூவின் நெடுநாள் ஏக்கமும் தீர்ந்தது. 1910-இல் அவர் மாணவராக ஆடியபோது, ஜப்பானுக்கு வந்த சிகாகோ பல்கலைக்கழக அணியிடம் வசேதா படுதோல்வி அடைந்தது. அந்த வேதனையை நெஞ்சில் சுமந்தபடி 1919-இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தவர், சிகாகோவை வென்ற பிறகே பொறுப்பிலிருந்து விலகினார். ஒவ்வொரு பந்திலும் உயிரை வைத்து ஆடு என்பது அவருடைய போதனை. துவண்டு விழும்வரை பயிற்சி என்பது அவருடைய முறை. அந்தக் கடுமை எனக்கு உடன்பாடன்று. ஆனால் 1943-இல் அவர் நடந்துகொண்ட விதம் அவர் மீதான என் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்திவிட்டது.

அந்த ஆண்டு லீக்கைக் கலைக்குமாறு அரசு உத்தரவிட்டது. இலையுதிர் காலத்தில், படிப்பை முன்னிட்டு மாணவர்களுக்கு அளிக்கப்பட்டிருந்த ராணுவச் சேவை ஒத்திவைப்பும் நீக்கப்பட்டது. போர்முனைக்குப் போகுமுன் பிள்ளைகள் ஒரே ஒருமுறை ஆடட்டும் என்று கெய்யோவின் தலைவர் கொய்சூமி ஷின்சோ முன்மொழிந்தார். வசேதா நிர்வாகம் தயங்கியது. தோபிதாவும் அணியினரும் பின்வாங்கவில்லை. அக்டோபர் 16 அன்று, நான் நின்றிருந்த இதே இடத்தில் ஆட்டம் நடந்தது. சிறப்பு விருந்தினர் இருக்கையை மறுத்துவிட்டு, கொய்சூமி மாணவர்களோடு போய் அமர்ந்தார். வசேதா 10-1 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஒரு தரப்பின் பாடலை மறுதரப்பு பாடியது. அன்று வசேதாவுக்காக ஆடிய கொந்தோ கியோஷி, 1945-இல் தற்கொலைப்படை விமானியாக இறந்தார்.

பத்து மணிக்கு நூலகத்திலிருந்து கிளம்பி ரயிலில் செந்தகாயாவுக்குச் சென்றேன். நிலையத்திலிருந்து மெய்ஜி ஜிங்கூ பேஸ்பால் அரங்குக்கு நடக்கும் வழியில் தேசிய விளையாட்டரங்கம் வருகிறது. முன்பு அங்கிருந்த திடலில்தான், அந்த ஆட்டம் முடிந்த ஐந்தாம் நாள், கொட்டும் மழையில் துப்பாக்கி ஏந்திய மாணவர்களை அணிவகுக்கச் செய்து போருக்கு வழியனுப்பினார்கள். நான் போன அன்று வெயில் அடித்தது. வேலியோரம் சிறிது நேரம் நின்றுவிட்டே நகர்ந்தேன்.

ஜிங்கூ அரங்கு 1926-இல் திறக்கப்பட்டது. சோகெய்சென்னில் வசேதா ஆதரவாளர்களுக்கு முதல் பேஸ் (மட்டையாளர் ஓடித் தொடவேண்டிய முதல் நிலை) பக்கம், கெய்யோ ஆதரவாளர்களுக்கு எதிரே மூன்றாம் பேஸ் பக்கம். எனக்கு முதல் பேஸ் பக்கத்தில் இடம் கிடைத்தது. அடுத்த இருக்கையில் எண்பது வயதை நெருங்கிய ஒரு பெரியவர், மடியில் ஸ்கோர் புத்தகத்தை விரித்து, கட்டை பென்சிலால் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கட்டங்கள் புரியவில்லை என்பதைக் கண்டதும், பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். 1960-ஐப் பற்றிக் கேட்டேன். புத்தகத்தை மூடிவிட்டு, ஆறு விரல்களைக் காட்டினார். அந்த ஆண்டின் இலையுதிர் பருவத்தில், பட்டத்தைத் தீர்மானிக்க இரு அணிகளும் ஒரே வாரத்துக்குள் ஆறுமுறை மோத வேண்டியிருந்தது. கூடுதல் ஆட்டங்கள் இரண்டு சமனில் முடிய, ஆறாவது ஆட்டத்தில் வசேதா 3-1 என வென்றது. வசேதாவின் அந்தோ மொதோஹிரோ என்ற ஒரே வீரர் ஐந்து ஆட்டங்களில் 49 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) பந்து வீசினார். அப்போது பெரியவர் பள்ளிச் சிறுவன். அப்பாவோடு வானொலியில் கேட்டாராம்.

நான் பார்த்த ஆட்டத்தில் வசேதா தோற்றது. பெரியவர் கடைசிக் கட்டத்தையும் நிரப்பி, தேதியெழுதி, கையெழுத்திட்டார். ஆட்டம் முடிந்தும் யாரும் எழவில்லை. கறுப்புச் சீருடை அணிந்த வசேதா மாணவர் தலைவர் மேடையேறி, எதிர்ப்பக்கம் திரும்பிக் கைகளை அகல விரித்தார். முரசு ஒருமுறை முழங்கியது. என்னைச் சுற்றியிருந்த ஆயிரக்கணக்கானோர், அந்தப் பெரியவர் உட்பட, தொண்டை கிழிய 'கெய்யோ!' என்று வாழ்த்தினார்கள். நானும் எழுந்து நின்று அவர்களோடு சேர்ந்து கத்தினேன்.