பேழைத் திரை செய்விக்கும் சபையாருக்கு

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் யூத ஜெப ஆலயத்தார், தங்கள் வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழைக்குப் புதிய திரையும் சுருள்களுக்குப் புதிய உறைகளும் செய்விக்க முடிவெடுத்தபோது, சரிகைப் பூவேலை தெரிந்தவள் என்பதால் என்னையும் ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். நான் யூத சமயத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆகவே வழிபாடு பற்றிய கேள்விகளை அவர்களுடைய மதகுருவான ரப்பியிடம் விட்டுவிட்டு, துணி பற்றிய கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தகைய பணியில் இறங்கும் எந்தச் சபைக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமையைக் கலைஞரிடம் கொடுங்கள்; தையலில் எவ்வளவு பங்கைச் சபையாருக்குக் கொடுக்க முடியுமோ அவ்வளவையும் கொடுங்கள். குழுக்களோ இதைத் தலைகீழாகச் செய்யவே விரும்புகின்றன. நிறத்துக்கும் உருவத்துக்கும் கை தூக்கி வாக்களித்துவிட்டு, ஊசியை மட்டும் வெளியாரிடம் ஒப்படைத்துவிடுகின்றன.

இதற்கு நல்ல முன்னுதாரணம் எங்கள் மாநிலத்திலேயே உண்டு. மில்பர்ன் நகரின் பினே இஸ்ரவேல் சபை 1951இல் புதிய ஆலயம் எழுப்பியபோது, கட்டடக் கலைஞர் பெர்சிவல் குட்மன் நியூயார்க்கின் அரூபக் கலைஞர்களைத் துணிந்து அழைத்துவந்தார். சபையின் ரப்பி மாக்ஸ் க்ரூனவால்ட், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ரப்பியாக இருந்து, நாஜி ஆட்சிக்காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறியவர். சுவரோவியம் ராபர்ட் மதர்வெல்லிடமும், வெளிச்சுவர்ச் சிற்பம் ஹெர்பர்ட் ஃபெர்பரிடமும், பேழைத் திரை அடால்ஃப் காட்லீபிடமும் ஒப்படைக்கப்பட்டன. பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு குறியீட்டை அமர்த்தும் தன் ஓவிய முறையைக் காட்லீப் அப்படியே துணிக்குக் கொண்டுவந்தார். வெல்வெட் துண்டுகளை வெட்டிப் பதித்து, உலோக இழையால் பூவேலை செய்து அதை முடித்தவர்கள், அவருடைய மனைவி எஸ்தரின் மேற்பார்வையில் உழைத்த அச்சபையின் பெண்கள். இப்போது நியூயார்க் யூத அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் அந்தத் திரையைக் குழுவாகத் திருத்தியிருந்தால், அது நிச்சயமாக இரண்டு சிங்கங்களும் ஒரு கிரீடமுமாக முடிந்திருக்கும். சிங்கத்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் உருவம் என்பதற்காகவே அது வந்து நிற்பதுதான் பிடிக்கவில்லை.

பரோகெத் எனப்படும் இத்திரையின் மூலம் விவிலியத்தின் யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு ஆகிய நூல்களாலும் மெல்லிய நூலாலும் நெய்து, கேருபீன்கள் என்னும் சிறகுள்ள வானவர்களின் உருவம் அமைத்த திரைச்சீலை. வண்ண நூல்கள் கம்பளி, மெல்லிய நூல் லினன் என்பதே ரப்பிகளின் மரபான விளக்கம். ஆனால் கம்பளியும் லினனும் கலந்த ஆடையை அணியலாகாது என்று அதே வேதத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரம் விலக்குவதால், இன்றைய ஆலயத் துணிகளில் அக்கலப்பைத் தவிர்ப்பதே வழக்கம். திரையை யார் அணியப்போகிறார்கள் என்று நானும் கேட்டேன். ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில், திரைக்குத் தீட்டு ஏன் பொருந்தும் என்ற விவாதத்தில், பணியாள் குளிருக்கு அதில் ஒண்டிக்கொள்வான் என்று காரணம் சொல்லப்படுகிறதாம். சட்டம் வகுத்தவர்கள் மனிதர்களை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். ஆகவே மேல்துணி மட்டுமல்லாமல், உள்துணி, விறைப்புக்கு வைக்கும் துணி, தையல்நூல் ஆகியவையும் எதனால் ஆனவை என்று கலைஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரையைவிடச் சுருளுறைக்கே அதிக யோசனை தேவைப்படுகிறது. திரை தொங்கிக்கொண்டிருப்பது; உறையோ வாசிப்புக்கு முன் கழற்றப்பட்டு, பின் மாட்டப்பட்டு, மார்போடு அணைத்து ஆலயத்தைச் சுற்றி எடுத்துச் செல்லப்படுவது. மேற்புறம் நீள்வட்டமான கெட்டி அட்டை. அதில் சுருளின் இரு மரத்தண்டுகளும் வெளியே வர இரண்டு துளைகள். சுருளுக்குச் சுருள் உயரமும் பருமனும் தண்டுகளின் இடைவெளியும் வேறுபடுவதால், ஒன்றை அளந்து மற்றவற்றுக்கும் தைத்துவிட முடியாது. உறையின் மேல் வெள்ளி மார்புத் தகடு சங்கிலியில் தொங்கும். அதன் கீழ்விளிம்பு உரசும் இடத்தை முதலில் சாக்பீஸால் குறித்துவிட்டுப் பிறகுதான் பூவேலையை அமைக்க வேண்டும். சரிகை இழை துணியை ஊடுருவிச் செல்வதில்லை. மேலே கிடத்தப்பட்டு, மெல்லிய பட்டுநூலால் இடைவெளி விட்டுக் கட்டப்படுகிறது. தகட்டின் முனை அதில் ஒருமுறை சிக்கினால் ஒரு வரிசையே எழுந்துவிடும். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கும் பாவநிவாரண நாளான யோம் கிப்பூருக்கும் உரிய வெள்ளை உறைகளில், கை படும் பக்கவாட்டுகளை வேலைப்பாடில்லாமல் விடுவது நல்லது. தயங்காமல் சுத்தம் செய்யலாம்.

வெல்வெட்டுக்குத் திசை உண்டு என்பதைக் குழுவில் பாதிப்பேர் நம்பவில்லை. ஒரே சுருணையிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை, ஒன்றன் மயிர் மேல்நோக்கியும் மற்றதன் மயிர் கீழ்நோக்கியும் இருக்கும்படி சன்னலோரம் பிடித்துக் காட்டினோம். முதலாவது கருநீலமாகவும், அடுத்தது சாம்பல் பூத்த நீலமாகவும் தெரிந்தன. வண்ணத்தை அட்டையில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், திரை தொங்கப்போகும் இடத்தில், வழிபாடு நடக்கும் நேரத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்ற என் வற்புறுத்தல் அதற்குப் பிறகுதான் எடுபட்டது.

நன்கொடையாளர் பெயரைப் பொறிப்பது பழைய வழக்கமே. பிராகில் மொர்தெகாய் மைசலும் அவருடைய மனைவியும் 1592இல் அளித்த திரை அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டாகையால், ஒரு வசனத்தின் சில எழுத்துகளை மட்டும் புள்ளியிட்டோ பெரிதாக்கியோ காட்டி, அவற்றின் கூட்டுத்தொகையில் ஆண்டைப் பொதிந்துவைக்கும் அழகான முறையும் இருக்கிறது. எந்த வசனமானாலும், அதில் இறைவனின் பெயர் வருகிறதா என்று தைப்பதற்கு முன்பே ரப்பி பார்த்துவிட வேண்டும். கொடுத்தவர் பெயர் விளிம்பில் இருக்கலாம். ஆனால் பணம் கொடுத்ததனாலேயே வடிவத்தில் கைவைக்கும் உரிமை வந்துவிடாது என்பதை, காசோலை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

ஒப்பந்தத்தில், எத்தனை முறை மாதிரி வரைவு காட்டப்படும், சபையின் சார்பில் ஒப்புதல் தரும் ஒரே நபர் யார், தொகை எந்தெந்தக் கட்டத்தில் வழங்கப்படும், படத்தைப் பிறகு அச்சிடும் உரிமை யாருக்கு என்பவை இருந்தால் போதும். ரோஷ் ஹஷானா முதலான இலையுதிர்காலப் பண்டிகைகளையே முடிவுநாளாக வைப்பது வேண்டாம். கனமான திரை தொங்கத் தொங்க இறங்கும், கீழ்மடிப்பைச் சில வாரம் கழித்துத் தைக்க அவகாசம் வேண்டும். அதே சுருணையில் ஒரு கெஜம் வெல்வெட்டையும், அதே சாயத் தொகுதியைச் சேர்ந்த நூலையும் ஆலயத்திலேயே வைத்துவிட்டுப் போகும்படி கலைஞரிடம் கேளுங்கள். பழுது பார்க்கும் நாளில் அந்த நிறம் கடையில் கிடைக்காது.